அயல்நாட்டில் பயிலும் மகளுக்கு நம் துணை

மேற்படிப்புக்காக நம் பெண்கள் கடல் கடந்து செல்லும் காலம் இது. கட்டணம் கட்டி, விமானம் ஏற்றிவிட்டால் நம் கடமை முடிந்துவிடுமா? அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்ற ஆனந்திபாய் ஜோஷியின் வரலாற்றை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

மராட்டியப் பெண்மணியான இவர் 1865-ஆம் ஆண்டு பிறந்தார். பதினான்கு வயதில் பெற்ற குழந்தை பத்தே நாட்களில் இறந்தது. மருத்துவராக வேண்டும் என்ற உறுதி அத்துயரில் பிறந்தது. அவருடைய கணவர் கோபால்ராவ் உதவி வேண்டி எழுதிய கடிதம், 1880-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியாயிற்று. பல் மருத்துவரைக் காணக் காத்திருந்த கார்ப்பென்டர் அம்மையார் அதைப் படித்தார். முன்பின் அறியாத ஆனந்திபாய்க்குக் கடிதங்கள் எழுதலானார். உடல் நலிவுற்றபோது மருந்தும் அனுப்பினார்.

1883 ஜூனில் ஆனந்திபாய் நியூயார்க்கில் கப்பலிலிருந்து இறங்கியபோது, அவ்வம்மையாரே எதிர்கொண்டு அழைத்து, ரோசெல்லில் தம் இல்லத்தில் தங்கவைத்தார். பின்னர் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஆனந்திபாய், 1886 மார்ச்சில் பட்டம் பெற்றார். ஆனால் குளிரும் பழகாத உணவும் ஏற்கெனவே மெலிந்த உடலை வாட்டின. காசநோய் பற்றியது. தாயகம் திரும்பிய சில மாதங்களில், 1887 பிப்ரவரி 26 அன்று, 21 வயதில் மறைந்தார். அவருடைய அஸ்தி கார்ப்பென்டர் குடும்பக் கல்லறையிலேயே வைக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்பவை யாவை?

முதலாவது, புறப்படும் முன்பே அவ்வூரில் நம்பத்தக்க ஒரு குடும்பத்தை அறிந்து வைப்போம். விடுமுறையில் ஒரு வேளை உணவும், காய்ச்சலில் ஒரு குவளைக் கஞ்சியும் அங்கே கிடைக்கும்.

இரண்டாவது, தொலைபேசியில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், "சாப்பிட்டாயா? தூங்கினாயா?" என்று கேட்போம். அவளுடைய இரவையும் தேர்வு நாட்களையும் அறிந்து பேசுவோம்.

மூன்றாவது, குளிருக்கு உடையும் மருத்துவக் காப்பீடும் படிப்புச் செலவிலேயே அடங்கும் எனக் கொள்வோம்.

நான்காவதே முதன்மையானது. வீட்டார் கடன் வாங்கி அனுப்பினார்களே என்று எண்ணி, நம் பெண்கள் நோயையும் மனச்சோர்வையும் மறைத்துவிடுகிறார்கள். "முடியவில்லை என்றால் சொல், படிப்பை ஓராண்டு தள்ளி வைக்கலாம்" என்று வழியனுப்பும் நாளிலேயே வாய்விட்டுச் சொல்வோம். மாணவியரே, உங்களுக்கும் ஒரு சொல்: பட்டத்தைவிட நீங்கள் நலமாக வீடு திரும்புவதே பெற்றோருக்குப் பெரிது. மறைக்காமல் எழுதுங்கள்.