இணையக் கடையையும் வேலைப் பலகையையும் இணைப்போர் கவனத்திற்கு

நம் சங்க உறுப்பினர்களில் சிலர் சொந்தமாக இணையக் கடை வைத்திருக்கிறார்கள். கோடவுன் வேலைகளைக் குறித்து வைக்கக் கணினியில் வேலைப் பலகை வைத்திருப்போரும் உண்டு. இரண்டையும் இணைத்துவிட்டால் ஆர்டரைப் பார்த்து எழுதும் வேலை மிச்சம் என்று கேள்விப்பட்டு நானும் இணைத்தேன். அதில் கண்ட பயனையும் பட்ட நஷ்டத்தையும் எழுதுகிறேன். பள்ளிப் படிப்போடு மண்டியில் உட்கார்ந்தவன் நான். ஆகவே நிரல் எழுதும் விவரம் இதில் இராது. முதலாளி தெரிந்துகொள்ள வேண்டியது மட்டும் இருக்கும்.

எங்கள் இணையக் கடை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. 2003இல் வெளிவந்தது. இணையப் பக்கங்களை நாமே எழுதித் திருத்திக்கொள்ள உதவுவது. அதனுடன் வூகாமர்ஸ் என்பதைச் சேர்த்தால் சரக்கு, விலை, ஆர்டர், பணம் ஆகியவற்றுக்கு இடம் கிடைத்துவிடும். வேலைப் பலகைக்கு 2011இல் வந்த ட்ரெல்லோவை வைத்தோம். 'வந்த ஆர்டர்', 'எடை போட்டது', 'லாரி ஷெட் போனது' என்று அதில் மூன்று பட்டியல். ஓர் ஆர்டருக்கு ஒரு சீட்டு. வேலை ஆக ஆகப் பையன்கள் சீட்டை அடுத்த பட்டியலுக்கு நகர்த்துவார்கள்.

நம் பழைய வழக்கப்படி சொன்னால் இணையக் கடைதான் சிட்டை. பலகை என்பது கோடவுனுக்குக் கொடுத்தனுப்பும் துண்டுச் சீட்டு. சிட்டையைப் பார்த்துத் துண்டுச் சீட்டு எழுதும் கணக்குப்பிள்ளையின் வேலையைத்தான் இந்த இணைப்பு செய்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆர்டர் விழுந்தவுடன் இணையக் கடை தானாகவே ஒரு முகவரிக்குத் தகவல் அனுப்பும். இதற்கு வெப்ஹூக் என்று பெயர். அந்தத் தகவலை வாங்கிப் பலகையில் சீட்டாக எழுத நடுவில் ஒருவர் வேண்டும். ஜாப்பியர் போன்ற நிறுவனங்கள் இந்தத் தரகு வேலையைச் செய்கின்றன. மாதம் எத்தனை வேலை நடக்கிறது என்பதைப் பொறுத்துக் கட்டணம் ஏறும். நாங்கள் தரகர் வேண்டாம் என்று, தெரிந்த தம்பி ஒருவரைக் கொண்டு ஒரு சிறு நிரல் எழுதி, ஆண்டு வாடகைக்கு எடுத்த இடத்தில் வைத்தோம்.

எந்த நிலையில் சீட்டு எழுத வேண்டும் என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும். நிரல் எழுதுபவருக்கு நம் வியாபாரம் தெரியாது. பணம் வந்து சேராத ஆர்டர் வூகாமர்ஸில் ஒரு நிலையிலும், பணம் வந்தது வேறு நிலையிலும் நிற்கும். வங்கி மூலம் பணம் அனுப்புகிறேன் என்பவரின் ஆர்டர் 'நிறுத்தி வைப்பு' என்று நிற்கும். நாம் பணத்தைப் பார்த்து நிலையை மாற்றினால்தான் நகரும். சரக்கு கொடுக்கும்போது பணம் என்றால் நேரே வேலை நிலைக்கு வந்துவிடும். மொத்த வியாபாரத்தில் பெரும்பாலோர் வங்கி வழியாகத்தான் கட்டுகிறார்கள். வேலை நிலைக்கு வந்த பிறகே சீட்டு விழட்டும் என்று சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் பணம் வராத ஆர்டருக்கும் பையன்கள் மூட்டை கட்டிவிடுவார்கள்.

இன்னொன்று. ஆர்டரில் ஏதாவது திருத்தம் செய்தாலும் தகவல் போகும்படி வைக்கலாம். அப்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுச் சீட்டு விழுந்து ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை சரக்கு ஏறிவிடும். சீட்டின் தலைப்பில் ஆர்டர் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணில் ஏற்கெனவே சீட்டு இருக்கிறதா என்று நிரல் பார்த்துவிட்டு எழுத வேண்டும். விலையும் இருப்பும் இணையக் கடையில் மட்டும் இருக்கட்டும். பலகையில் விலை எழுதவே கூடாது. இரண்டு இடத்தில் விலை எழுதினவன் இரண்டு இடத்திலும் தவறாகத்தான் எழுதுவான்.

இனி நஷ்டத்துக்கு வருகிறேன். 2024 தைப் பொங்கலுக்கு முந்தின வாரம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எங்களிடம் சரக்கு எடுக்கும் பக்கத்து ஊர்க் கடைக்காரர் 9ஆம் தேதி 10 சிப்பம் வெல்லத்துக்கு ஆர்டர் போட்டுப் பணமும் கட்டிவிட்டார். 13ஆம் தேதி காலையில் போன் வந்தது.

"அண்ணாச்சி, வெல்லம் இன்னும் வரலியே. நாளைக்குப் போகி."

பலகையைப் பார்த்தால் அவர் பெயரில் சீட்டே இல்லை. இணையக் கடையைத் திறந்தால் அவருடையதோடு சேர்த்து 11 ஆர்டர்கள் அப்படியே கிடக்கின்றன!

நடந்தது இதுதான். நிரல் இருந்த இடத்துக்கு ஆண்டு வாடகை கட்ட மறந்துவிட்டோம். 9ஆம் தேதி அது நின்றுபோனது. மறுநாள் தெரிந்து பணத்தைக் கட்டினோம், இடம் திறந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் அனுப்பும் தகவல் தொடர்ந்து ஐந்து முறைக்கு மேல் போய்ச் சேராவிட்டால் வூகாமர்ஸ் அந்த வெப்ஹூக்கை முடக்கிவிடுகிறது. மறுமுனை சரியான பிறகும் அது தானாக உயிர் பெறாது. நாம் உள்ளே போய் மறுபடி இயக்க வேண்டும். இடையில் விழுந்த ஆர்டர்களும் தாமாகப் பலகைக்கு வாரா. ஒவ்வொன்றாகக் கையால் எழுத வேண்டும். எங்களுக்கு இது ஒன்றும் அப்போது தெரியாது.

ஆர்டர் வந்த மின்னஞ்சல்களும் பெட்டியில் இருந்தன. பலகை வந்த பிறகு அவற்றைத் திறப்பதையே விட்டுவிட்டோம். வங்கியில் பணம் ஏறியதைக் கணக்குப்பிள்ளை பார்த்து ஆர்டரை வேலை நிலைக்கு மாற்றியும் இருக்கிறார். சரக்குப் போனதா என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நானும் சொல்லி வைக்கவில்லை.

வேன் பிடித்து அன்று மாலையே வெல்லத்தை அனுப்பினேன். அதற்குள் அவர் வேறு மண்டியில் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டார். பொங்கல் முடிந்து 10 சிப்பம் வெல்லத்தைச் சில்லறைக் கடையில் யார் வாங்குவார்? திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். வெல்லத்தில் போனது சில ஆயிரம்தான். அவர் இப்போது அந்த வேறு மண்டியில்தான் சரக்கு எடுக்கிறார்.

அதற்குப் பிறகு தினமும் இரவு கல்லாவை எண்ணும்போதே இதையும் எண்ணுகிறோம். அன்று வேலை நிலைக்கு வந்த ஆர்டர் எத்தனை, பலகையில் புதிதாக விழுந்த சீட்டு எத்தனை என்று நோட்டில் எழுதிக் கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போடுவார். ஐந்து நிமிட வேலை. எண்ணிக்கை ஒத்துவராத நாளில் கடை பூட்டுவதில்லை. வாடகை கட்ட வேண்டிய தேதியைக் கல்லா மேலே நாட்காட்டியில் வட்டமிட்டிருக்கிறோம்.

பலகையிலிருந்து இணையக் கடைக்குத் திரும்ப இணைப்பதும் உண்டு. கடைசிப் பட்டியலுக்குச் சீட்டு போனவுடன் ஆர்டர் முடிந்ததாகப் பதிவாகும். நான் அதைச் செய்யவில்லை. பையன் ஒருவன் கை தவறிச் சீட்டை நகர்த்தினால், சரக்கு கோடவுனிலேயே இருக்க, ஆர்டர் முடிந்தது என்று வாடிக்கையாளருக்கு அஞ்சல் போய்விடும். லாரி ரசீது கைக்கு வந்த பின் கணக்குப்பிள்ளையே முடித்து வைக்கிறார்.

இணைப்புக்குக் கொடுக்கும் சாவியையும் கவனியுங்கள். முழு அதிகாரமுள்ள முதலாளி கணக்கின் கடவுச்சொல்லை நிரல் எழுதுபவருக்குக் கொடுக்காதீர்கள். வூகாமர்ஸில் இணைப்புக்கென்று தனிச் சாவி உருவாக்கலாம். படிக்க மட்டும் அனுமதி என்றும் அதில் வைக்கலாம். ஆர்டரைப் பார்த்துச் சீட்டு எழுத அது போதும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்தச் சாவியை மட்டும் ரத்து செய்துவிடலாம். வாடகை இடமும் பலகைக் கணக்கும் கடையின் பெயரில், கடையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எங்களுடையது அந்தத் தம்பியின் பெயரில் இருந்தது. வாடகை கட்டச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கின்றன. அவரோ அப்போது வெளியூரில் வேறு வேலையில் சேர்ந்திருந்தார்.