கல்லீரல் புழுவின் செரிமானமும் பப்பாளிக்காயும்

ஒன்பதாம் வகுப்பில் தட்டைப்புழுக்கள் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். "உள் ஒட்டுண்ணிகளுக்கு உணவு செரித்த நிலையிலேயே கிடைத்துவிடுகிறது, எனவே அவற்றுக்குச் செரிமானம் தேவையில்லை" என்று கரும்பலகையில் எழுதினேன். ஆடு வளர்க்கும் வீட்டு மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சார், எங்க ஆடு செத்தப்ப டாக்டர் ஈரலை அறுத்துக் காட்டினாரு. இலை மாதிரி புழு இருந்துச்சு. அதுக்குள்ள கறுப்பா இருக்கிறது அது குடிச்ச ரத்தம்னு சொன்னாரு. செரிக்கவே வேணாம்னா ரத்தம் எதுக்கு சார்?"

என்னிடம் விடையில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அன்று மாலை படித்தபோது என் பிழை புரிந்தது. நாடாப்புழுவுக்கு உணவுப்பாதையே இல்லை. அது உடற்பரப்பின் வழியாக உணவை உறிஞ்சுகிறது. அந்தப் பண்பை நான் எல்லா ஒட்டுண்ணிகளுக்கும் பொருத்திவிட்டேன். கல்லீரல் புழுவுக்கு வாய் உண்டு. இரண்டாகப் பிரிந்து பல கிளைகளாகப் பரவும் குடல் உண்டு. மலத்துளை மட்டும் இல்லை. கழிவை வாய் வழியாகவே வெளியேற்றுகிறது.

இப்புழுவின் முக்கியச் செரிமான நொதிகள் கேத்தெப்சின்கள். இவை புரதங்களை வெட்டுபவை. ஃபேசியோலா ஹெபாடிகா என்னும் இனத்தில் இவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நீரோரப் புல்லில் ஒட்டியிருக்கும் உறைப்புழுவை ஆடு மேய்கிறது. சிறுகுடலில் உறையை விட்டு வெளிவரும் இளம்புழு, கேத்தெப்சின் பி, எல்3 ஆகியவற்றைச் சுரக்கிறது. எல்3, திசுக்களைப் பிணைத்திருக்கும் கொலாஜனையும் வெட்டவல்லது. இவ்வாறு குடற்சுவரைத் துளைத்துக் கல்லீரலை அடைந்து, சில வாரங்கள் அதை அரித்தபடியே பித்த நாளத்துக்குச் செல்கிறது. அங்கே முதிர்ந்த புழு எல்1, எல்2 ஆகியவற்றைச் சுரந்து இரத்தத்தின் ஹீமோகுளோபினைச் சிதைக்கிறது. வெளியே உமிழப்படும் இந்நொதிகள் ஓம்புயிரியின் எதிர்ப்பொருள்களையும் வெட்டக்கூடியவை. ஒரே நொதிக் குடும்பம் வழி திறக்கவும், உணவூட்டவும், தற்காக்கவும் உதவுகிறது.

அப்படியானால் அந்நொதி புழுவின் சொந்தச் செல்களைச் செரிக்காதா? குடற்செல்களில் அது செயலற்ற முன்நொதியாகவே சேமிக்கப்படுகிறது. அதன் ஒரு பகுதி, வெட்டும் இடத்தை மூடியிருக்கும். குடலின் அமிலச் சூழலில் அப்பகுதி நீங்கியதும் நொதி செயல்படத் தொடங்கும். நம் இரைப்பையில் பெப்சினோஜன் பெப்சினாக மாறுவதோடு இதை ஒப்பிட்டுக் கற்பிக்கலாம்.

கறி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய் போடுவதை மாணவர்கள் அறிவார்கள். அதிலுள்ள பப்பைனும் கேத்தெப்சினும் ஒரே நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஜெலட்டின் தூளை வெந்நீரில் கரைத்து இரண்டு குவளைகளில் ஊற்றுங்கள். ஆறி வெதுவெதுப்பானதும் ஒன்றில் பச்சைப் பப்பாளிக்காய்ச் சாறும், மற்றொன்றில் அதே அளவு தண்ணீரும் கலந்து குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். தண்ணீர் கலந்தது உறையும்; சாறு கலந்தது நீர்மமாகவே இருக்கும். ஜெலட்டின் கொலாஜனிலிருந்து பெறப்படுவது. இளம்புழு குடற்சுவரைத் துளைக்கும் விதம் மாணவர்களுக்கு உடனே விளங்கும். பப்பாளிப் பால் தோலில் எரிச்சல் தரும் என்பதால் காயை ஆசிரியரே நறுக்குவது நல்லது.

மறுநாள், முந்தைய நாள் நான் சொன்னது தவறு என்று வகுப்பில் கூறிவிட்டுத் தொடங்கினேன். நத்தைகள் வாழும் குட்டையோர மேய்ச்சல், ஆடுகளின் இரத்தச்சோகை, தாடைக்கடியில் தோன்றும் வீக்கம் ஆகியவற்றையும் பேசினோம். "எங்க இன்னொரு ஆட்டுக்கும் தாடை வீங்கியிருக்கு சார்" என்றான் அவன். அன்று மாலையே அவன் தந்தை அதைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் சென்றார். சாணத்தில் புழு முட்டைகள் இருந்தன, மருந்து கொடுக்கப்பட்டது. ஆடு பிழைத்தது.

அந்த மாணவன் கேட்காமல் இருந்திருந்தால், கரும்பலகையில் நான் எழுதிய தவறு நாற்பது குறிப்பேடுகளில் அப்படியே தங்கியிருக்கும்.