ஆற்றுணா

‘ஆறு’ என்னுஞ் சொல்லுக்கு நீரோடும் யாறு என்பது ஒரு பொருள். வழி என்பது மற்றொரு பொருள். ‘உணா’ என்பது உணவு. இவ்விரண்டும் இணைந்து ‘ஆற்றுணா’ என நின்று, வழிச்செல்வோன் கையிற் கொண்டு போகும் உணவைக் குறிக்கும். பழமொழி நானூற்றில் வழங்கும் இச்சொல்லின் பொருளையே பொதிசோறு, கட்டுச்சோறு, கட்டமுது என்னுஞ் சொற்களும் உணர்த்தும். நாலடியார் இதனைத் ‘தோட்கோப்பு’ என்று கூறி, மறுமைக்குத் துணையாகும் அறத்துக்கு உவமையாக்கிற்று. ஒரு பொருளுக்கு இத்துணைப் பெயர்கள் ஒரு மொழியில் உளவெனின், அப்பொருள் அம்மொழி பேசுவோர் வாழ்வில் இன்றியமையாததாய் இருந்ததென்பது சொல்லாமலே விளங்கும்.

பசித்து வழிநடந்த நாவுக்கரசர்க்குத் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிலும், சுந்தரர்க்குத் திருக்குருகாவூருக்குச் செல்லும் வழியிலும் இறைவன் பொதிசோறு அளித்தான் எனச் சேக்கிழார் பாடினர். நம் திருமறையிலும், ஐயாயிரவர் பசி தீர்வதற்கு முதலாய் நின்றது ஒரு சிறுவன் கையிலிருந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களுமே. ஆகவே, கையுணவு இழிவான பொருளன்று; ஆராய்தற்குத் தகாத பொருளும் அன்று.

யான் கற்ற இரு பாடங்கள்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். இன்று அவ்வண்டிகள் செங்கற்பட்டு வரையிற் செல்கின்றன. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியில், விடியற்காலை வண்டிகளிற் கைப்பிடியைப் பற்றித் தொங்கிக்கொண்டு வரும் மாணவர், எழுத்தர், செவிலியர், கடைப் பணியாளர் ஆகியோரை நோக்குமின். அவருட் பலர் வெறுவயிற்றினர். விடுதியில் தங்காது நாடோறும் ஊரிலிருந்து வரும் நம் கல்லூரி மாணவரும் அவருள் அடங்குவர். யானும் அவருள் ஒருவன்.

முதலாண்டில் ஒரு குவளைக் காப்பியே என் காலையுணவாக இருந்தது. ஒருநாள் இரண்டாம் பாடவேளையில், உரையாசிரியர் கொண்ட பொருளைக் கூறுமாறு ஆசிரியர் வினவ, எழுந்து நின்றேன். விடை அறிந்திருந்தும் கண் இருண்டது. ஒன்றுஞ் சொல்லாமல் அமர்ந்தேன். பாடம் படியாதவன் என்றே ஆசிரியர் கருதியிருப்பார். அன்று வெட்கத்தால் ஒரு முடிவு செய்து, மறுநாள் முதற் சோறு கொண்டு வரலானேன். ஆயின், ஆராயாது செய்தமையால் வேறொரு துன்பம் நேர்ந்தது. கோடைக்காலத்தில், சுடச்சுட அடைத்த சோற்றையும் தேங்காய்த் துவையலையும் நெடுநேரங் கழித்து உண்டேன். தேர்வுக்கு முன்னாள் முழுவதும் வாந்தியெடுத்துப் படுக்கையிற் கிடந்தேன். உண்ணாமையும் தீது, அறியாது உண்டலும் தீது. இவ்விரண்டும் எனக்குக் கற்பித்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

காலையுணவு ஏன்?

இரவு எட்டு மணிக்கு உண்டவன் மறுநாட் பகல் ஒரு மணிக்கு உண்பானாயின், இடைப்பட்ட பொழுது பதினேழு மணிநேரம். நம் உடலெடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு இரண்டே. ஆயினும் உடல் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு இருபது பங்கு அளவினை அஃது ஒன்றே கொள்கின்றது. இரவில் ஈரல் தன்னிடஞ் சேமித்து வைத்த சருக்கரையைச் சிறிது சிறிதாக விடுத்து மூளையைக் காக்கும். விடியும்போது அச்சேமிப்புப் பெரிதுங் குறைந்துவிடும். அதன்பின் உடல் வேறு வழிகளால் ஈடுசெய்யுமேனும், பலர்க்குச் சோர்வும் தலைவலியும் சினமும் தோன்றுகின்றன.

இரயிலடியிற் கிடைக்கும் தேநீரும் பிஸ்கோத்தும் போதாவோ எனின், போதா. மைதாவும் சருக்கரையும் விரைவிற் செரித்துக் குருதியிற் சருக்கரையை ஏற்றும்; அவ்வேற்றம் நெடிது நில்லாது; பசி மீண்டும் விரைந்து வரும். மேலும், உணவோடு தேநீர் பருகின், அதிலுள்ள துவர்ப்புப்பொருள் உணவின் இரும்புச்சத்து உடலிற் சேராவண்ணம் தடுக்கும். குருதிச்சோகை மிக்குள்ள நம் நாட்டில், அதிலும் பெண்கள் நடுவில், இஃது எளிதாக எண்ணத்தக்கதன்று. தேநீரை விரும்புவோர் உணவுக்கு ஒரு மணிநேரம் கழித்துப் பருகுக.

ஆற்றுணாவின் இலக்கணம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் உள்ளவாறு, ஆற்றுணாவுக்கும் மூன்று இலக்கணம் கூறலாம். அவை கெடாமை, நிறைவு, எளிமை என்பன.

முதலாவது கெடாமை. உணவைக் கெடுக்கும் நுண்கிருமிகள் ஏறக்குறைய 5 பாகை முதல் 60 பாகை வரையுள்ள வெப்பத்தில் விரைந்து பெருகுவன. ஆதலின், சமைத்த உணவை வெளியில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைத்தலாகாது என்றும், வெப்பம் 32 பாகைக்கு மிகுமாயின் ஒரு மணிநேரமே எல்லை என்றும் உணவு நூலார் வரையறுப்பர். சோற்றில் அச்சம் மிகுதி. ‘பேசில்லசு சீரியசு’ என்னும் கிருமியின் வித்துக்கள் சோறு கொதிக்கும்போதும் அழியாது தங்கி, அது மிதச்சூட்டில் நெடுநேரம் கிடக்குங்கால் முளைத்து நஞ்சு விளைக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினும் நீங்காது. என்னைத் தேர்வுக்கு முன்னாள் வீழ்த்தியது இதுவாகவும் இருக்கலாம்.

இவ்வெப்ப நாட்டிற் குளிர்பெட்டி இல்லாத காலத்தே நம் முன்னோர் கட்டுச்சோறு கட்டியது எங்ஙனம்? புளிப்பு, வறட்சி என்னும் இரண்டையும் அவர் துணைக்கொண்டனர். புளியோதரைக்குரிய புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியுமட்டும் கொதிக்க வைப்பது சுவைக்காக மட்டும் அன்று. அவ்வாறு செய்யின் நீர் வற்றும், புளிப்பு மிகும். நீர் குறைந்து புளிப்பு மிகுந்தவிடத்துக் கிருமிகள் எளிதிற் பெருகா. தயிர்ச்சோற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. இளஞ்சூடான சோற்றிற் பாலை மிகுதியாக ஊற்றி ஒரு கரண்டித் தயிரே சேர்த்துப் பிசைவர். நேரஞ் செல்லச்செல்லப் பால் உறைந்து, அளவான புளிப்புடன் தயிராகும். வறுத்த மாவுருண்டை, பொரி, அவல், கடலை ஆகியவை வறட்சியாற் காக்கப்படுவன. தேங்காய்த் துவையலோ ஈரமும் இனிப்பும் உடையதாய் விரைவிற் கெடுவது. அதற்கு ஈடாகப் பொடி கொள்க.

இரண்டாவது நிறைவு. வயிறு நிறைதல் வேறு. உடல் நிறைதல் வேறு. அரிசிப் புரதத்தில் ‘லைசின்’ என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பிற் குறைந்துள்ள ‘மெத்தியோனின்’ அரிசியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலின், அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்டலி அரிசி மட்டும் உண்பதினும் சிறந்தது. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணச்சத்து உண்டு. நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம். ஒரு கோழிமுட்டை 6 கிராம் அளவு புரதம் தரும்.

மூன்றாவது எளிமை. நெரிசல் மிக்க வண்டியில் ஒரு கையால் உண்ணத்தக்கதாய், ஒழுகாததாய், அயலார் மூக்கை வருத்தாததாய் இருத்தல் வேண்டும். இதனினும் முதன்மையானதோர் எளிமை உண்டு: அது செய்வோர்க்கு எளிதாதல். யான் சோறு கொண்டு வரத் தொடங்கிய நாளில் என் தாயார் நான்கு மணிக்கே எழுந்து அடுப்பை மூட்டினார். ஒரு திங்கள் கழிந்தபின், மாலையில் அவர் உட்கார்ந்தபடியே உறங்குவதைக் கண்டேன். தாயின் துயிலை விலையாகக் கொடுத்து மகன் பெறும் நலம் நலமாகுமோ? அன்று முதல், இரவே ஆயத்தஞ் செய்து என் உணவை யானே கட்டுகின்றேன்.

நால்வகை ஆற்றுணா

மாணவரும் தம் கையாற் செய்துகொள்ளத்தக்க நான்கினை ஈண்டுத் தருகின்றேன்.

1. பொடியிட்டலி: இட்டலியை அவித்து ஆறவிட்டு, நல்லெண்ணெயிற் குழைத்த மிளகாய்ப்பொடியை இருபுறமும் தடவி அடுக்குக. நான்கு இட்டலி ஒருவர்க்குப் போதும். ஆவி அடங்குமுன் மூடின் நீர் கோத்துப் பிசுபிசுக்கும்.

2. கேழ்வரகு உருண்டை: மணம் வர வறுத்த கேழ்வரகு மாவு இரண்டு பங்கு, பொட்டுக்கடலை மாவு ஒரு பங்கு, வறுத்து இடித்த நிலக்கடலை ஒரு பங்கு, பொடித்த வெல்லம் ஒன்றரைப் பங்கு ஆகியவற்றைச் சிறிது ஏலத்துடன் கலந்து, காய்ச்சிய நெய்யை ஊற்றிச் சூட்டோடு பிடிக்க. நீர் சேர்த்தலாகாது. ஞாயிற்றுக்கிழமை மாலையிற் பிடித்து ஈரமில்லாத சம்புடத்தில் வைத்தால் அவ்வாரம் முழுதும் உதவும். இரண்டு உருண்டையும் ஒரு வாழைப்பழமும் ஒரு வேளைக்கு ஆகும்.

3. எலுமிச்சை அவல்: கெட்டி அவலைக் கழுவி நீரை வடித்துக் கால் மணிநேரம் வைக்க. கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அவலைச் சேர்த்துப் புரட்டி இறக்கியபின் எலுமிச்சஞ்சாறு பிழிக. கொதிக்கும் சாற்றில் உயிர்ச்சத்து ‘சி’ குறையும். ஆதலின் இறக்கியபின் பிழிதல் நன்று. அச்சத்து இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைசெய்வது.

4. முட்டையும் பழமும்: முட்டை உண்பார் இரண்டினைக் கெட்டியாக அவித்து, ஓட்டோடு கொண்டு சென்று இரண்டு மணிநேரத்துக்குள் உண்க. முட்டை உண்ணாதார் முதல்நாட் காலை ஊறவைத்து முளைகட்டிய பச்சைப்பயற்றை ஆவியில் அவித்து அவ்வாறே கொள்க.

கலம்

முன்னோர் வாழையிலையை அனலில் வாட்டிப் பொதிந்தனர். வாட்டிய இலை கிழியாது மடியும். நமக்கு எவர்சில்வர்ச் சம்புடம் எளிது. நாளிதழிற் பொதிதல் மட்டும் ஆகாது. அச்சுமையின் நச்சுப்பொருள்கள் எண்ணெயுணவிற் கலக்குமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2016-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் 2019 சனவரி முதல் நம் மாநிலத்தில் தடுக்கப்பட்டவை. சம்புடத்தை அன்றன்றே கழுவி உலர்த்துக. நேற்றைய ஈரம் இன்றைய உணவைக் கெடுக்கும்.

முடிவுரை

தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்குக் காலையுணவு அளிக்கும் திட்டத்தை நம் மாநில அரசு 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையிற் தொடங்கிற்று. பசித்த வயிற்றிற் கல்வி ஏறாதென்பதை நாடே ஒப்புக்கொண்டதற்கு அஃது ஒரு சான்று. கல்லூரிக்கு வரும் நமக்கு வளர்ந்த கையும் வளர்ந்த அறிவும் உள. நம் உணவை நாமே கட்டிக்கொள்ளல் தகும். ஆயினும், நம்மோடு அமர்வோருள், மறதியால் அன்றி இன்மையால் வெறுங்கையோடு வருவார் இருத்தல் கூடும். அவர் அதனை வாய்விட்டுச் சொல்லார். ஆதலின், கட்டும்போது ஒருவர்க்கு வேண்டுவதினும் ஓர் உருண்டை, ஓர் இட்டலி கூடுதலாக வைக்க. கையிலிருந்த ஐந்தப்பத்தை அச்சிறுவன் தனக்கென்றே ஒளித்திருப்பானாயின், அவன் ஒருவன் பசியே தீர்ந்திருக்கும்.

எலியா தீர்க்கதரிசி வாழ்வை வெறுத்து ஒரு சூரைச்செடியின் கீழ்ப் படுத்து உறங்கியபோது, தேவதூதன் அவரைத் தட்டி எழுப்பினான். அவரைக் கடிந்துகொள்ளவில்லை; அறிவுரையும் கூறவில்லை. தழலிற் சுட்ட அடையையும் ஒரு பாத்திரத்தில் நீரையும் காட்டி, போகவேண்டிய வழி நெடிதென்று சொல்லி உண்ணச் செய்தான். மாணவ நண்பர்காள்! நமக்கும் வழி நெடிது. உண்டு புறப்படுக, இயலாதேல், கட்டிக்கொண்டு புறப்படுக.