ஆன்லைனில் படித்து ஜிம் டிரெய்னர் ஆகலாமா?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். ஜிம் டிரெய்னராக ஆசை. ஆன்லைன் சான்றிதழ் செல்லுமா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: செல்லும், எது என்று பார்த்து வாங்கினால். தேர்வே வைக்காமல் இரண்டு நாளில் சான்றிதழ் அனுப்புகிறவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். அமெரிக்காவின் 'ஏஸ்' அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 3 மணி நேரத்தில் 150 கேள்விகள். பாடத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் அதோடு கேட்கிற சி.பி.ஆர். முதலுதவிச் சான்றிதழை மட்டும் நேரில் செய்துகாட்டித்தான் வாங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு மார்பை அழுத்துவது வீடியோ பார்த்து வருகிற வேலையா என்ன?

உடற்கூறியல், பயிற்சித் திட்டமெல்லாம் புத்தகத்தில் வந்துவிடும். ஆளைப் பார்த்துத் திருத்துகிற கண் வராது. ஐம்பது வயது அம்மா ஒருவர் ஸ்குவாட் செய்கிறார். முட்டி உள்பக்கம் மடங்குகிறது, குதிகால் தூக்குகிறது. அவரிடம் தசையின் பெயரைச் சொல்லி என்ன பயன்? பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, "மெதுவா உட்கார்ந்து எழுந்திருங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள், பாதி சரியாகிவிடும். இதைப் பழக, சாயங்காலம் கூட்டம் வருகிற ஜிம்மில் சீனியர் ஒருவரிடம் உதவியாளராகச் சேருங்கள். முதலில் டம்பெல் அடுக்கத்தான் சொல்வார்கள். அடுக்குங்கள்.

பெர்சனல் டிரெய்னிங் கட்டணத்தில் உங்களுக்கு எவ்வளவு, ஜிம்முக்கு எவ்வளவு என்பதைச் சேரும்போதே எழுதி வாங்கிவிடுங்கள், பி.காம். படித்தவருக்கு இதைச் சொல்லவா வேண்டும்! புரோட்டீன் டப்பா விற்றால்தான் சம்பளம் என்றால் வேறு ஜிம் பாருங்கள்.