நல்ல தலைமை எது?

ஆசிரியை ஏதோ வேலையாக அலுவலகம் வரை சென்றிருக்கிறார். ஒரு வகுப்பில் லீடர் சாக்கட்டியும் கையுமாகக் கரும்பலகை அருகே நின்று, பேசுபவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வகுப்பின் லீடர், தோழியரைச் சிறு குழுக்களாக அமர்த்தி, பாதியில் நின்ற கணக்கைத் தொடரச் செய்கிறாள். மூன்றாம் வகுப்பின் லீடரோ கதைப் புத்தகத்தில் மூழ்கிவிட்டாள். இம்மூவரில் நல்ல தலைவி யார்?

இது வகுப்பறைக்கு மட்டும் உரிய கேள்வியன்று. தொழிற்சாலை, வங்கி, கூட்டுறவுச் சங்கம், மீன்பிடி படகு என்று நால்வர் கூடி வேலை செய்யும் இடமெல்லாம் இக்கேள்வி எழுகிறது. அதற்கு விடை காண முயல்வோம்.

மூவகைத் தலைமை

வணிகவியல் நூல்கள் தலைமையை மூவகையாகப் பிரிக்கின்றன. தானே முடிவெடுத்துக் கட்டளையிடுவது எதேச்சாதிகாரத் தலைமை. எல்லோரையும் கலந்து முடிவு செய்வது ஜனநாயகத் தலைமை. பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பது தலையிடாத் தலைமை.

இப்பாகுபாட்டை ஆராய்ந்து பார்த்தவர்களுள் குர்ட் லெவின் என்னும் உளவியல் அறிஞர் குறிப்பிடத்தக்கவர். அவரும் அவருடைய துணைவர்களும் 1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவாவில், பத்து வயதை ஒட்டிய சிறுவர்களைச் சிறு குழுக்களாக்கிக் கைவேலைகள் தந்தனர். கண்டிப்பான தலைவரின் கீழ் வேலை நிறைய நடந்தது. ஆனால் அவர் அறையை விட்டு வெளியேறியதும் கைகள் ஓய்ந்தன. ஜனநாயகத் தலைவரின் குழுவில், அவர் வெளியே சென்ற பிறகும் வேலை தொடர்ந்தது. தலையிடாத் தலைவரின் கீழ் வேலை ஒழுங்காக நடைபெறவில்லை.

ஆகவே தலைமையை அளக்க ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. தலைவர் இருக்கும்போது நடப்பதை மட்டும் பார்த்தால் போதாது. அவர் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டு நம் நாட்டு நிறுவனங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

புதுவை ஆலைகள்

பிரெஞ்சு ஆட்சியில் புதுவையின் சவானா, ரோடியர் முதலிய பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். கட்டளை மேலிருந்து கீழே வந்தது. கீழிருந்து குறையைச் சொல்லச் சட்டம் ஏற்ற தொழிற்சங்கம் இல்லை. வ. சுப்பையா போன்றோர் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்து, 8 மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டனர். 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மறு ஆண்டு, 1937இல், அவ்வுரிமைகள் சட்டமாயின.

உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒன்றைப் பன்னிரண்டு உயிர்களைக் கொடுத்துப் பெற வேண்டியதாயிற்று. கேட்கும் செவி இல்லாத தலைமைக்கு ஊரே விலை கொடுக்கிறது.

ஆனந்தின் பால் சங்கம்

குஜராத்தின் ஆனந்தில் 1946இல் பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. அதுவே பின்னர் 'அமுல்' என்று புகழ்பெற்றது. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். அங்கு 1949இல் வந்து சேர்ந்த இளைஞர் வர்கீஸ் குரியன், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்றவர். பட்டேல் கிராமம் கிராமமாகச் சென்று விவசாயிகளைச் சேர்த்தார். பால் பண்ணையின் நிர்வாகத்தைக் குரியனிடமே விட்டார்.

அப்படியானால் இதுவும் தலையிடாமைதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் திறமை அறிந்து, நம்பிக்கை வைத்து விலகி நிற்பது வேறு. அக்கறையின்றி விட்டுவிடுவது வேறு. நம் மூன்றாம் லீடர் செய்தது பின்னது. பட்டேல் 1994இலும் குரியன் 2012இலும் மறைந்தனர். சங்கமோ நின்றுவிடவில்லை.

பத்து ரூபாய் வங்கி

அகமதாபாத்தில் இலா பட் என்னும் வழக்கறிஞர் 1972இல் 'சேவா' என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். காய்கறி விற்போரும் தலைச்சுமை தூக்குவோரும் அதன் உறுப்பினர்கள். வட்டிக்காரரிடம் கடன் வாங்கி அல்லலுற்ற அவர்கள், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்றனர். 1974இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் போட்டு அதை ஏற்படுத்தினர். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் தங்கள் தேவை எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தலைவி அதைக் காது கொடுத்துக் கேட்டார். இலா பட் 2022இல் மறைந்தார்; சங்கமும் வங்கியும் தொடர்கின்றன.

கடல் தரும் பாடம்

கட்டளையே கூடாது என்பதா? கனகசெட்டிக்குளத்துக் கரையில் நின்றால் இதற்கு விடை கிடைக்கும். அலை எழும்பும் நேரத்தில் படகில் வாக்கெடுப்பு நடத்த முடியாது. சுக்கான் பிடித்தவர் சொன்னால் மற்றவர் உடனே செய்ய வேண்டும். தாமதித்தால் படகு கவிழும். ஆபத்து வேளையில் ஒருவரின் கட்டளையே எல்லோரையும் காக்கும். ஆனால் அதே மனிதர் கரைக்கு வந்த பின் கூட்டாளிகளுடன் அமர்ந்து, பிடித்த மீனுக்குக் கணக்குப் பார்த்துப் பங்கு பிரிக்கிறார். அந்தப் பங்கு நேர்மையாக இருப்பதால்தான் மறுநாள் அவர் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார்கள்.

இங்கு நாம் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இக்கடற்கரையின் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளில் காலங்காலமாக ஆண்களே அமர்ந்து வந்துள்ளனர். கூடை சுமந்து, விலை பேசி, வரவு செலவு பார்த்து வீட்டை நடத்தும் தாய்மாரின் குரல் அங்கு அரிதாகவே கேட்டது. கலந்து பேசும் தலைமை என்று சொல்லிக்கொண்டு ஊரில் பாதிப் பேரைக் கலக்காமல் விட்டால் அது முழுமையாகுமா? பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டுகிறோம். நாளை அக்கூட்டத்தில் தயங்காமல் எழுந்து பேச, மாணவியராகிய நாம் இன்றே பழக வேண்டும்.

முடிவுரை

ஆபத்தில் கட்டளை, அன்றாட வேலையில் கலந்துரையாடல், திறமையுள்ளோரிடம் நம்பிக்கை என வேளையறிந்து நடப்பதே நல்ல தலைமை. இனி நம் மூன்று லீடர்களிடம் திரும்புவோம். முதல் வகுப்பில் அமைதி இருந்தது. சாக்கட்டியைக் கீழே வைத்ததும் அது போய்விடும். மூன்றாம் வகுப்பில் அமைதியும் இல்லை, வேலையும் இல்லை. இரண்டாம் வகுப்பில் ஓரளவு சத்தம் இருந்தது, ஆனால் ஆசிரியை திரும்பி வந்தபோது கணக்கு முடிந்திருந்தது.

அடுத்த ஆண்டு லீடரைத் தேர்ந்தெடுக்கும்போது, யார் உரக்கப் பேசுகிறாள் என்று பாராமல், யார் நம்மைப் பேச விடுகிறாள் என்று பார்ப்போமாக!