கழிப்பறையும் மூச்சு விட வேண்டும்!



இந்த முறை நான் எழுதப் போவது கழிப்பறையைப் பற்றி. தலைப்பைப் பார்த்ததும் சிலருக்குச் சிரிப்பு வரும். பரவாயில்லை, சிரிச்சுட்டுப் படிங்க. இது எங்க வீட்டுல நடந்த விஷயம். கொஞ்சம் ஏமாந்திருந்தா எங்க அப்பாவுக்கே ஆபத்தா முடிஞ்சிருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தது எல்லோருக்கும் தெரியும். அப்போ நான் ரெண்டாம் வகுப்பு. கொல்லையில நின்ன தென்னை மரம் செப்டிக் டேங்க் பக்கமா சாய்ஞ்சு, கேஸ் போற பைப்பு ஒடிஞ்சு போச்சு. முழங்கால் உயரம்தான் மிச்சம் நின்னுச்சு. அது வழியா திண்ணை வரைக்கும் நாத்தம் வருதுன்னு அப்பாயி ஒரு கொட்டாங்குச்சியைக் கவுத்து, மேல சிமெண்ட் பூச வச்சுட்டாங்க. வெளியில நாத்தம் நின்னுடுச்சு. எல்லாரும் அதை மறந்துட்டோம்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கழிப்பறைக்குள்ளே நாத்தம் தாங்காது. தண்ணி ஊத்தினா சட்டுனு இறங்காது. "குளுக் குளுக்"னு குமிழி வரும். நீ தண்ணி ஊத்தலை, நான் ஊத்தலைன்னு வீட்டுல ஒரே சண்டை. போன வருஷம் டேங்க் நிறைஞ்சிடுச்சுன்னு நினைச்சு லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சினோம். காசு செலவானதுதான் மிச்சம். பத்து நாளில் மறுபடியும் அதே கதை.

அப்பாவுக்குக் கோபம் வந்து, "மூடியைத் திற, நானே எறங்கி என்ன அடைச்சிருக்குன்னு பாத்துடுறேன்"னு கிளம்பிட்டார். நல்ல வேளை, பக்கத்து வீட்டுல வேலை பார்த்துக்கிட்டிருந்த கொத்தனார் மாமா ஓடி வந்து, "எறங்காதீங்கண்ணே, உள்ள கேஸ் இருக்கும்"னு கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க.

அந்த வாரம்தான் வகுப்பில் 'பாய்மங்கள்' பாடம் நடந்தது. எனக்கு ஒரு சந்தேகம். நீர் மட்டும் பாய்மம் இல்லை, காற்றும் பாய்மம்தான். அப்படின்னா டேங்குக்குள்ள இருக்கிற காற்று எந்த வழியா வெளியே போகும்? டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் பதில் சொல்லவில்லை. "முதல்ல இந்தச் சோதனையைச் செஞ்சு பார்"னு சொன்னாங்க.

செய்து பார்!

ஒரு காலி பாட்டிலின் வாயில் புனலை வைத்து, சுற்றிலும் பிசைந்த மைதா மாவால் இடுக்கில்லாமல் அடைக்கவும். புனலில் ஒரே மூச்சாகத் தண்ணீர் ஊற்றவும். தண்ணீர் கொஞ்சம் இறங்கிவிட்டு அப்படியே நிற்கும்! உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி இல்லை, அதனால் அது தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. இப்போது மாவில் ஒரு குச்சியால் ஓட்டை போடவும். "புஸ்" என்று காற்று வெளியேறும், தண்ணீர் மளமளவென்று இறங்கும்.

எண்ணெய் டின்னில் கடைக்காரர் ஏன் ரெண்டு ஓட்டை போடுறார்னு இப்போ புரியுதா? ஒன்று எண்ணெய் வர, ஒன்று காற்று போக.

டேங்குக்குள் என்ன நடக்கிறது?

செப்டிக் டேங்கில் காற்று இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அப்போது மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. இந்த வாயுக்கள் இரவு பகலாக உண்டாகிக்கொண்டே இருக்கும்.

கழிப்பறைப் பீங்கானுக்குக் கீழே வளைந்த குழாய் இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அதுதான் நாற்றத்துக்கு மூடி. அந்தத் தண்ணீரின் உயரம் சுமார் 5 செ.மீ. இருக்கும். திரவ அழுத்தம் = உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம். கணக்குப் போட்டால் 0.05 × 1000 × 9.8 = 490 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இது இருநூறில் ஒரு பங்கு கூட இல்லை! டேங்கில் வாயு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் போதும், தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வீட்டுக்குள் வந்துவிடும். எங்க வீட்டு "குளுக் குளுக்" சத்தம் அதுதான்.

கோடையில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? டேங்கிலிருந்து தண்ணீர் போகும் உறிஞ்சு குழி அப்போது காய்ந்திருக்கும். வாயு அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும். நம்ம ஊர் டெல்டாவின் கடைக்கோடி. மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். உறிஞ்சு குழி நிரம்பிவிட்டால் அந்த வழியும் அடைபடும். மேலே கொட்டாங்குச்சி, பக்கத்தில் தண்ணீர். பாவம், வாயு எங்கேதான் போகும்?

பைப்பு எப்படி இழுக்கிறது?

உயரமான பைப்பின் வாயைக் காற்று உரசிக்கொண்டு வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் உள்ளே இருக்கும் வாயு மேலே இழுக்கப்படுகிறது. வெயில் பட்டுப் பைப்பு சூடானால், உள்ளே உள்ள காற்று லேசாகி மேலே எழும்பும். மின்சாரம் வேண்டாம், ஆளும் வேண்டாம்!

இந்தியத் தர நிர்ணய விதிப்படி இந்தப் பைப்பு குறைந்தது 50 மி.மீ. விட்டம் இருக்க வேண்டும். டேங்க் வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால், பைப்பு வீட்டு உச்சியைவிட 2 மீட்டர் உயரம் போக வேண்டும். வாயில் கொசு நுழையாத வலை கட்ட வேண்டும். அப்பாயி சொன்னதும் தப்பில்லை. பைப்பு குட்டையாக நின்றால் திண்ணைக்கு நாற்றம் வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு மருந்து மூடுவது இல்லை, உயர்த்துவது!

தண்ணீர் மூடி இல்லாத கழிப்பறைகள்

உலகத்தில் தண்ணீர் மூடியே இல்லாத கழிப்பறைகளும் உண்டு. அங்கே காற்றோட்டம்தான் எல்லா வேலையும் செய்கிறது.

1. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் 1970-களில் பீட்டர் மோர்கன் என்ற விஞ்ஞானி குழிக் கழிப்பறைக்கு உயரமான பைப்பு வைத்தார். பைப்பு வாயுவை மேலே இழுக்கும்போது, அந்த இடத்தை நிரப்பப் புதுக்காற்று கழிப்பறை வழியாகக் கீழே இறங்குகிறது. நாற்றம் மேலே வராது. குழியிலிருந்து பறக்கும் ஈக்கள் வெளிச்சத்தைத் தேடிப் பைப்புக்குள் ஏறி, உச்சியில் உள்ள வலையில் மாட்டிச் செத்துப்போகும். அதற்காகவே உள்ளே அரையிருட்டாக வைப்பார்கள்.

2. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம காவிரிக் கரையில் திருச்சி மாவட்டம் முசிறியில், சுப்புராமன் அவர்களின் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் சூழல் காப்புக் கழிப்பறைகளைக் கட்டியது. தொட்டி தரைக்கு மேலே இருக்கும். அதனால் நிலத்தடி நீர் கெடாது. சிறுநீர் தனியாகப் போகும். மலத்தின் மேல் சாம்பல் தூவ வேண்டும். ஈரத்தையும் நாற்றத்தையும் பைப்பு வெளியேற்றும். மாதக்கணக்கில் காய்ந்து மக்கி எருவாகிவிடும். அங்கே திறந்த பொதுக் கழிப்பறையில், பயன்படுத்தியவர்களுக்கு 10 பைசா கொடுத்தார்கள்! சுப்புராமன் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

3. வெளிநாடுகளில் சமையல், படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன்கள் உண்டு. அதில் கழிப்பறையும் உண்டு. டேங்க் சுமார் 20 லிட்டர் பெட்டிதான். நிறைந்ததும் சூட்கேஸ் போல வெளியே இழுத்துக் காலி செய்வார்கள். பெயர் கேசட் டாய்லெட். அவ்வளவு சின்ன அறையில் நாற்றம் வராமல் இருக்க, பெட்டியிலிருந்து ஒரு குழாயும் பேட்டரியில் ஓடும் குட்டி மின்விசிறியும் வைக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் விசிறி சுற்றும். வேனுக்குள் இருக்கும் காற்று பெட்டிக்குள் இறங்கி, கரி வடிகட்டி வழியாக வெளியே போகும். பெட்டியைக் காலி செய்யும்போது காற்று உள்ளே போக ஒரு பொத்தானும் உண்டு. அதை அமுக்காவிட்டால் "குளுக் குளுக்"னு தெறிக்கும். நம்ம எண்ணெய் டின்னின் இரண்டாவது ஓட்டைதான் அது!

ஜிம்பாப்வே, முசிறி, வேன் மூன்றிலும் பாடம் ஒன்றே. மூடி வைத்தால் நாற்றம் போகாது. கீழே காற்று வரவும் மேலே காற்று போகவும் வழி விட்டால்தான் போகும்.

கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியவை

பைப்பு வைத்துவிட்டால் டேங்குக்குள் இறங்கலாம் என்று யாரும் நினைக்காதீர்கள்! ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்லையே, கேஸ் இல்லை" என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காமல் உடனே தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரை உள்ளே இறக்கி வேலை வாங்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இன்னொன்று, மீத்தேன் தீப்பற்றும். பைப்பு வாயிலோ டேங்க் மூடி அருகிலோ தீக்குச்சி, பீடி கூடாது.

முடிவு என்ன ஆச்சு?

நான் புனல் சோதனையை எங்க வீட்டுத் திண்ணையிலேயே செஞ்சு காட்டினேன். அப்பா ஒண்ணும் பேசாம எழுந்து போய்க் கொட்டாங்குச்சியைப் பார்த்தார். மறுநாளே கொத்தனார் மாமா அதை உடைச்சு எடுத்துட்டு, கூரைக்கு மேலே போற மாதிரி பிவிசி பைப்பு வச்சு, கொசுவலை கட்டிக் கொடுத்தாங்க. மறுபடி கனமழை பெய்ஞ்சப்போ குளுக் சத்தம் இல்லை, நாத்தமும் இல்லை. "ஒரு கொட்டாங்குச்சிக்காகவா உன் அப்பன் குழியில எறங்கப் பாத்தான்!"னு அப்பாயி என் தலையைத் தடவினாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு.

தோழிகளே, தோழர்களே! இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கொல்லைப் பக்கம் போய்ப் பாருங்க. பைப்பு இருக்கா? கூரையைத் தாண்டி நிக்குதா? வலை கிழியாம இருக்கா? குருவிக் கூடோ, பாலிதீன் பையோ அடைச்சிருக்கா? பார்த்துட்டு வந்து நாளைக்குச் சொல்லுங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி