காய்க்காத ரம்புத்தான்

தோட்டப்புற வீடுகளின் பின்புறத்தில் ரம்புத்தான் மரம் நிற்பது நாம் எங்கும் காணும் காட்சி. அவற்றுள் சில ஆண்டுதோறும் கொத்துக் கொத்தாகப் பூக்கும், தேனீக்கள் மொய்க்கும், ஆனால் பூவெல்லாம் உதிர்ந்தபின் ஒரு பிஞ்சும் இராது. மண் சரியில்லை என்பார் சிலர். கண்பட்டுவிட்டது என்பார் வேறு சிலர். அடியில் உப்பைக் கொட்டுவாரும், தண்டில் ஆணி அறைவாரும் உளர். இவற்றால் மரத்துக்குத் துன்பமேயன்றி வேறு பயன் இல்லை. அது ஆண் மரம். எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் அது காய்க்கப் போவதில்லை.

பப்பாளியில் ஆண் உண்டென்பதை நாம் அனைவரும் அறிவோம். பப்பாளி சில மாதங்களிலேயே தன் இயல்பைக் காட்டிவிடும். வெட்டி எறிந்துவிட்டு வேறொன்றை நடலாம். விதையிலிருந்து வளரும் ரம்புத்தானோ முதற்பூவைக் காட்ட ஐந்தாறு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்த்த நாளில் கொட்டையை ஊன்றினால், அப்பிள்ளை ஆறாம் ஆண்டுக்கு வரும்போதுதான் மரம் ஆணா பெண்ணா என்பது தெரியவரும். விதையிட்டு வளர்த்தவற்றுள் ஏறத்தாழப் பாதி ஆணாகவே அமைகின்றன. இலையைப் பார்த்தோ தண்டைப் பார்த்தோ அதனை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. மிக இனிப்பான பழத்தின் கொட்டையையே தேர்ந்து நட்டாலும், அந்த இனிப்பு அப்படியே வரும் என்பதற்கு உறுதி கிடையாது.

மரம் பூத்தவுடன் ஒரு கொத்தைக் கையிலெடுத்து உற்று நோக்கினால் உண்மை விளங்கும். ஆண் பூவில் ஐந்து முதல் எட்டு வரையிலான மகரந்த இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவே சூலகம் வளர்ச்சியற்றுக் கிடக்கும். காய்க்கும் மரத்தின் பூவிலோ நடுவில் சிறிய இரட்டைச் சூலகமும், அதன்மேல் இரண்டாகப் பிரிந்து வளைந்த சூல்முடியும் தெளிவாகத் தெரியும். அவ்விரண்டு பகுதிகளுள் பெரும்பாலும் ஒன்றே பழமாகிறது. மற்றது பழத்தின் காம்பருகே ஒரு சிறு குமிழாக ஒட்டிக்கொண்டிருக்கும். பழம் உண்ணும்போது பிள்ளைகளுக்கு இதனைக் காட்டுங்கள். பாடப்புத்தகத்தைவிட நன்றாக மனத்தில் பதியும்.

ஆகவே, நட விரும்புவோர் ஒட்டுக் கன்றையே வாங்கி நடுதல் வேண்டும். ஒட்டுக்கட்டுதல் நம் தோட்ட மக்களுக்குப் புதிய கலையன்று. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ரப்பர் வகையை எடுத்துக்கொள்வோம். அவ்வகை மரங்கள் யாவும் ஒரே தாய் மரத்தின் மொட்டுகளிலிருந்து வழிவழியாக வந்தவை; அதனாலன்றோ தாயின் குணம் மாறாமல் பால் தருகின்றன. நாற்றின் பட்டையைச் சன்னல்போலத் திறந்து, மொட்டுடன் கூடிய பட்டைத் துண்டைச் செருகி, நாடாவால் இறுகச் சுற்றி, மூன்று வாரம் கழித்துப் பிரித்துப் பார்க்கும் அதே முறைதான் ரம்புத்தானுக்கும் கையாளப்படுகிறது. இவ்வாறு வந்த கன்று இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும். ஆர் 134, ஆர் 191 ஆகியவை பெயர்பெற்ற வகைகள். பின்னதை மலாய் மொழியில் ‘அனாக் செக்கோலா’, அதாவது பள்ளிப் பிள்ளை, என்று அழைக்கின்றனர்.

எல்லாப் பழமரங்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்று கொள்ளலாகாது. மங்குஸ்தீன் விதையில் வளர்ந்தாலும் தாயைப் போலவே இருக்கும். அதற்கு வேண்டியது பொறுமை மட்டுமே.

கன்று வாங்கும்போது ஒட்டின் தழும்பைத் தேடுங்கள். தண்டின் அடிப்பகுதியில் ஒரு புடைப்பும், அதிலிருந்து சற்றே சாய்ந்தெழும் தளிரும் காணப்பட வேண்டும். நட்டபின் இத்தழும்புக்குக் கீழே முளைக்கும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுவது மிகவும் இன்றியமையாதது. ஆடு கடித்தோ வெயிலில் வாடியோ மேற்பகுதி பட்டுவிட்டால், கீழிருந்து கொழுகொழுவென்று தளிர் கிளம்பும். கன்று பிழைத்துக்கொண்டது என்று நாம் மகிழ்வோம். ஆனால் தழைத்தது விதையில் வந்த அடிமரம். வாங்கிய வகை போய்விட்டது! சுற்றிலும் நான்கு குச்சி நட்டு வேலி கட்ட அரைநாள் போதும்.

மழைக்காலத் தொடக்கமே நடுவதற்கு ஏற்றது. மரத்துக்கு மரம் எட்டு மீட்டராவது இடைவெளி வேண்டும். வீட்டுக் கூரையை ஒட்டி நடுவதைத் தவிர்க்கவும். தோட்ட நிர்வாகத்திடம் முன்னரே இடம் கேட்டுக்கொள்வது பின்னர் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் மாசி பங்குனி வெயில் ரம்புத்தானுக்கும் நல்லது. அவ்வறட்சிக்குப் பின்னரே அது பூக்கும். பூத்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் கனியும். பறித்தபின் இப்பழம் மேலும் பழுப்பதில்லை. ஆகையால் பச்சையாகப் பறித்து அரிசிப் பானையில் வைப்பது வீண்.

ஏற்கெனவே ஆண் மரம் நிற்கும் வீட்டார் அதனை வேரோடு சாய்க்க வேண்டியதில்லை. தண்டைத் தாழ வெட்டிவிட்டால் புதுத் தளிர்கள் எழும். அவற்றுள் உறுதியான இரண்டு மூன்றை விட்டுவைத்து, அவை விரல் பருமனானதும் காய்க்கும் மரத்தின் மொட்டை ஒட்டுக்கட்டலாம். வேர் ஏற்கெனவே ஆழ ஊன்றியிருப்பதால் வளர்ச்சி விரைவாக இருக்கும். நாற்றுமேடையில் ரப்பருக்கு ஒட்டுக்கட்டிப் பழகிய பெரியவர் எவரேனும் உங்கள் லயத்தில் இருப்பின், அவரையே அழைத்துக் கேளுங்கள்.